அண்ணன் கரையில், தம்பி கடலில்

சார்லஸ் டார்வினை உங்களுக்குத் தெரியும். ராபர்ட் மெக்கார்மிக்கைத் தெரியுமா?

'யாருங்க அது?' என்றுதான் கேட்பீர்கள். தப்பில்லை. வரலாறு அப்படித்தான். ஒரே கப்பலில் ஏறிய இரண்டு பேரில் ஒருவருக்குச் சிலை வைக்கும், இன்னொருவரை அடுத்த துறைமுகத்தில் இறக்கி விட்டுவிடும்.

1831 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய 'பீகிள்' கப்பலின் டாக்டர்தான் இந்த மெக்கார்மிக். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு வழக்கம் இருந்தது. போகிற இடங்களில் பறவை, பாறை, செடி கொடி எல்லாம் சேகரிப்பது கப்பல் டாக்டரின் வேலை. மெக்கார்மிக்கும் அந்தக் கனவோடுதான் ஏறினார். ஆனால் கேப்டன் ஃபிட்ஸ்ராய் தனக்குப் பேச்சுத் துணையாக 22 வயசுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தார். அந்தப் பையன்தான் டார்வின். கேப்டனோடு ஒரே மேஜையில் சாப்பாடு, கரையிறங்க முதல் வாய்ப்பு, எல்லாம் அவருக்கே. 'இது என் வேலையாச்சே!' என்று டாக்டருக்கு வயிறு எரிந்தது. நாலே மாதம். 1832 ஏப்ரலில் ரியோ டி ஜெனிரோவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு டார்வின் எங்கே போனார் என்பது உலகத்துக்கே தெரியும். மெக்கார்மிக் போனது அன்டார்டிகாவுக்கு.

கேப்டன் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் 1839-ல் 'எரெபஸ்', 'டெரர்' என்று இரண்டு கப்பல்கள் தென் துருவப் பக்கம் புறப்பட்டன. எரெபஸின் டாக்டர் மெக்கார்மிக். இந்த முறையும் விதி விடவில்லை. உதவி டாக்டராக வந்த 22 வயசு இளைஞர் ஜோசப் ஹூக்கர் பிற்பாடு லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராகி, டார்வினின் நெருங்கிய நண்பராகவும் ஆகிவிட்டார். நம் டாக்டர் மறுபடியும் ஓரமாகவே நின்றார்!

ஆனால், 1841 ஜனவரியில் ஒரு சம்பவம். பனிக்கட்டிக் கடலை உடைத்துக்கொண்டு போன கப்பல்கள் 'பொசெஷன்' என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு சின்னத் தீவை அடைந்தன. கால் வைக்க இடமில்லாமல் பென்குவின்கள். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய நாற்றம். தலைக்கு மேலே பழுப்பு நிறத்தில், பருந்து போல வளைந்த அலகோடு, ஒரு முரட்டுக் கடற்பறவை. அதில் ஒன்று சேகரிக்கப்பட்டு லண்டனுக்கு வந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, 1893-ல், ஹோவர்டு சாண்டர்ஸ் என்ற பறவையியலாளர் அதை உட்கார்ந்து ஆராய்ந்தார். 'இது நமக்குத் தெரிந்த பறவை இல்லை. தனி இனம்' என்று அறிவித்து, டாக்டரின் பெயரையே அதற்குச் சூட்டினார்: ஸ்டெர்கோராரியஸ் மெக்கார்மிக்கி.

சந்தோஷப்பட டாக்டர் இல்லை. 1890-லேயே இறந்துவிட்டார்.

அந்தப் பறவைதான் தென்துருவ ஸ்குவா. இன்றைய நம் கதையின் தம்பி. அவனுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். பழுப்பு ஸ்குவா. அண்ணனுக்கு 1831-லேயே பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தவர் லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர். அவரும் ஒரு கப்பல் டாக்டர்தான் என்பது கூடுதல் விசேஷம்.

*

'விருத்தாசலத்துக்காரனுக்கும் ஸ்குவாவுக்கும் என்னய்யா சம்பந்தம்? கடல் பார்க்கணும்னாலே கடலூருக்கு பஸ் பிடிக்கணும்' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இந்த அண்ணன் தம்பியைப் புரிந்துகொள்ள விருத்தாசலத்தைவிட நல்ல ஊர் கிடையாது.

இங்கே செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரே கலவை மண்தான். ஓர் அச்சில் ஊற்றினால் பொம்மை. இன்னோர் அச்சில் அழுத்தினால் கரன்ட் கம்பியைத் தாங்கும் பீங்கான். ஒன்று கொலுவில் உட்காரும், மற்றது மின்கம்பத்தில் வெயிலில் காயும். மண்ணைக் கேட்டால் 'நாங்க ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்லும். வேலையைக் கேட்டால் 'எங்களுக்குள்ள சம்பந்தமே இல்ல' என்று சொல்லும்.

இந்த ஸ்குவாக்களும் அப்படித்தான். ரொம்ப காலம் எல்லாவற்றையும் 'பெரிய ஸ்குவா' என்ற ஒரே இனத்தின் கிளைகளாகவே சேர்த்துப் பார்த்த அறிஞர்கள் இருந்தார்கள். அந்த அளவுக்கு முகஜாடை!

வித்தியாசம் என்ன? அண்ணன் கட்டுமஸ்தான ஆள். சுமார் ஒன்றே முக்கால் கிலோ. தடித்த அலகு, உடம்பெல்லாம் ஒரே பழுப்பு. தம்பி கொஞ்சம் ஒல்லி. ஒன்றே கால் கிலோ சுமார். அலகும் மெலிசு. தலையும் மார்பும் வெளிறிப்போய், இறக்கை மட்டும் கறுத்து இருக்கிற தம்பிகளும் உண்டு, மொத்தமாகக் கறுத்தவர்களும் உண்டு. இரண்டு பேருக்குமே பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். அதுதான் குடும்ப அடையாளம்.

இன்னொரு வேடிக்கை. இருவர் வீட்டிலும் பெண்தான் ஆணைவிடப் பெரியவள்.

வீடு எங்கே? அண்ணனுக்கு அன்டார்டிகாவைச் சுற்றியுள்ள தீவுகள். தெற்கு ஜார்ஜியா, கெர்கலன், மெக்குவாரி... அங்கிருந்து அன்டார்டிகத் தீபகற்பம் வரைக்கும். தம்பிக்கு அதற்கும் தெற்கே, பனிக் கண்டத்தின் ஓரம் முழுக்க. பூமியின் கடைசி முனையான தென் துருவத்திலேயே இவனைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாலைவனத்தில் தின்ன ஒன்றுமே கிடையாது. எதற்குப் போனான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

*

இந்தக் குடும்பத்துக்கு ஆரம்பத்திலிருந்தே கெட்ட பெயர். முதல் பெயரே அவமானம். 'ஸ்டெர்கோராரியஸ்' என்றால் லத்தீனில் சாணி சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். ஏன் தெரியுமா? ஸ்குவாவும் அதன் உறவுக்காரப் பறவைகளும் மற்ற கடற்பறவைகளைத் துரத்தோ துரத்தென்று துரத்தும். பயந்துபோன பறவை வயிற்றில் இருந்த மீனைக் கக்கிவிடும். துரத்தியது அதை அந்தரத்திலேயே கவ்வும். தூரத்திலிருந்து பார்த்த அந்தக் காலத்து ஆட்கள், 'அடச்சீ, எச்சத்தைத் தின்கிறதே!' என்று நினைத்து இந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பார்த்தது தப்பு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் ஊரில் பட்டப்பெயர்கள் நிலைப்பதில்லையா, அது மாதிரி.

அடுத்து வந்தவர்கள் துருவ வீரர்கள். ஸ்காட், ஷேக்கில்டன் காலத்து ஆட்கள் பென்குவின் கூட்டங்களுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். முட்டையைத் தூக்குகிற, குஞ்சைக் கிழிக்கிற ஸ்குவாவைத் தினமும் பார்த்தார்கள். கோட்டு சூட்டுப் போட்ட குட்டி மனிதன் மாதிரி நடக்கிற பென்குவின் ஹீரோ, மேலேயிருந்து பாய்கிற ஸ்குவா வில்லன். படம் ரெடி! நிஜமாகவே படமும் வந்தது. ஸ்காட்டோடு போன புகைப்படக்காரர் ஹெர்பர்ட் பான்டிங் எடுத்த காட்சிகள் 1924-ல் முழுநீளப் படமாக வெளியானபோது, லண்டன் ரசிகர்கள் பென்குவினுக்குக் கைதட்டினார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது பாருங்கள். ஸ்காட்டின் முதல் பயணத்தில், 1902-க்கும் 1904-க்கும் இடையே, அவருடைய ஆட்கள் ஸ்குவாவைச் சுட்டு ருசித்துச் சாப்பிட்டார்கள். பென்குவினையும், சீலையும் விடவில்லை. வில்லன் யார் என்று யார் சொல்வது?

*

பட்டப்பெயரை முதலில் சந்தேகப்பட்டவர் யூவான் யங் என்ற நியூசிலாந்து விஞ்ஞானி. 1959-60 கோடையில் ஷேக்கில்டனின் பழைய குடிசை இருக்கிற கேப் ராய்ட்ஸில் உட்கார்ந்து, தென்துருவ ஸ்குவா என்ன சாப்பிடுகிறது என்று கணக்கெடுத்தார். எல்லோரும் நம்பியது, 'ஸ்குவா பென்குவினை நம்பித்தான் பிழைக்கிறது'. யங் கண்டது வேறு. பென்குவின் கூட்டத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்த ஸ்குவா ஜோடிகள் முட்டையும் குஞ்சும் தின்றது உண்மை. ஆனால் பென்குவினே கிடைக்காத ஜோடிகளும் குஞ்சு பொரித்து ஜாம்ஜாமென்று வளர்த்தன. எப்படி? கடலுக்குப் போய் மீன் பிடித்து!

அதாவது தம்பி அடிப்படையில் மீனவன். கொள்ளை என்பது வீட்டு வாசலில் கிடைத்தால் மட்டும்.

அப்படியானால் அண்ணனும் தம்பியும் ஒரே இடத்தில் இருந்தால்? இங்கேதான் நம் கதை சூடு பிடிக்கிறது.

அன்டார்டிகத் தீபகற்பத்திலும் அதையொட்டிய தீவுகளிலும் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் கூடு கட்டுகிறார்கள். கிங் ஜார்ஜ் தீவிலும், அமெரிக்காவின் பால்மர் நிலையம் இருக்கிற ஆன்வர்ஸ் தீவைச் சுற்றியும் 1970-களிலிருந்து விஞ்ஞானிகள் இதைக் கவனித்து வருகிறார்கள். அங்கே பங்காளிச் சண்டை தெளிவாக முடிந்திருக்கிறது. உடம்பில் பெரியவனான அண்ணன் பென்குவின் கூட்டங்களை எல்லைக்கல் நட்டுப் பிரித்து எடுத்துக்கொண்டான். தம்பி உள்ளே தலைகாட்டினால் அடி. அதனால் தம்பி தினமும் கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அவன் நம்பியிருப்பது வெள்ளிமீன் என்று சொல்லப்படும் ஒரு சின்ன அன்டார்டிக மீன்.

பி.காம். படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அண்ணன் செய்வது மோனோபோலி. வாசலிலேயே கடை, நிலையான வருமானம். தம்பி செய்வது ஊர் ஊராகப் போகிற வியாபாரம். நல்ல வருஷம் வந்தால் லாபம் கொட்டும். மீன் வராத வருஷம் குடும்பமே பட்டினி. தம்பியின் கூட்டில் இரண்டு முட்டை இருக்கும். முதலில் பொரிந்த குஞ்சு, சாப்பாடு குறைந்தால், இரண்டாவது குஞ்சைக் கொத்தித் துரத்திவிடும். வெளியே தள்ளப்பட்ட குஞ்சு குளிரில் சாகும், இல்லாவிட்டால் அடுத்த கூட்டுக்காரனுக்குச் சாப்பாடாகும். பெற்றோர் வேடிக்கை பார்ப்பார்கள். கொடூரம்தான். ஆனால் இரண்டு பேருக்கும் சோறு இல்லாத வீட்டில் ஒரு பிள்ளையாவது பிழைக்க இயற்கை போட்ட கணக்கு அது.

'அப்படின்னா அண்ணன்தான் கெட்டிக்காரன்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏகபோகத்துக்கும் ஒரு விலை உண்டு.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே மெக்குவாரி தீவு. 19-ம் நூற்றாண்டில் சீல் வேட்டைக்காரர்கள் சாப்பாட்டுக்காக அங்கே முயல்களை விட்டார்கள். முயல் பெருகியது. பழுப்பு ஸ்குவாவுக்கு விருந்து. தலைமுறை தலைமுறையாக முயல் தின்று பழகினார்கள். முயல்கள் தீவின் புல்லையெல்லாம் மொட்டையடிக்கவே, ஆஸ்திரேலிய அரசு முயலையும் எலியையும் ஒழிக்கத் திட்டம் போட்டு, 2014-ல் 'வெற்றி' என்று அறிவித்தது. தீவு பச்சையானது. ஆனால் விஷம் வைத்த முயலைத் தின்று ஸ்குவாக்களும் செத்தன. மிஞ்சியவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்த சாப்பாடு போய்விட்டது. ஸ்குவா எண்ணிக்கை சரிந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தியவனின் கதி!

*

அண்ணன் குளிர்காலத்தில் தெற்குக் கடல்களை விட்டு அதிகம் நகர்வதில்லை. தம்பியோ உலகம் சுற்றுகிறவன்.

1975 ஜனவரியில் பால்மர் நிலையம் அருகே ஒரு தென்துருவ ஸ்குவாக் குஞ்சின் காலில் அமெரிக்க விஞ்ஞானிகள் வளையம் மாட்டினார்கள். அதே வருஷம் ஜூலையில் அந்த வளையம் கிடைத்தது. எங்கே? வடக்கே, கிரீன்லாந்தில்! ஒரு வேட்டைக்காரர் சுட்ட பறவையின் காலில். நேர்கோடு போட்டாலே 14,000 கிலோமீட்டர். நடக்கத் தெரிந்து சில மாதமே ஆன பிள்ளை பூமியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குத் தனியாகப் போயிருக்கிறது. பிற்பாடு காலில் குட்டிக் கருவி கட்டிப் பார்த்ததில், எந்தக் கரையில் பிறந்த கூட்டம் என்பதைப் பொறுத்து அட்லான்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் என்று மூன்றிலும் இவர்கள் குளிர்காலத்தைக் கழிப்பது தெரிந்தது.

இந்தியப் பெருங்கடல் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறீர்களா? உட்காருங்கள். அண்ணன், தம்பி இரண்டு பேருமே இந்தியப் பறவைகளின் பட்டியலில் இருக்கிறார்கள். இலங்கையைச் சுற்றிய கடலிலும் ஸ்குவா வந்து போகிறது. கரையிலிருந்து தள்ளியே பறப்பதால் நம் கண்ணில் படுவது அபூர்வம். தென்கடல் பறவைகள் வழிதவறி வருவது புதிதுமில்லை. 2020-ல் ராமேஸ்வரம் தீவில் ஓர் அல்பட்ராஸ் கரையில் கிடைத்தது. அன்டார்டிகாவைச் சுற்றிப் பறக்கிற அந்த இனம் ஆசியாவிலேயே பதிவானது அதுதான் முதல் முறை.

நாமும் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறோம். எஸ்.இசட்.காசிம் தலைமையில் கோவாவிலிருந்து கிளம்பிய முதல் இந்தியக் குழு 1982 ஜனவரி 9-ம் தேதி அன்டார்டிகாவில் கால் வைத்தது. பிறகு தட்சிண் கங்கோத்ரி நிலையம், 1989-ல் மைத்ரி, 2012-ல் பாரதி. மைத்ரி இருக்கிற ஷிர்மாக்கர் பகுதியில் தென்துருவ ஸ்குவா கூடு கட்டுகிறது. கூட்டுப் பக்கம் தெரியாமல் போனால் மண்டையைப் பார்த்துப் பாய்ந்து வரும்.

ஆளைப் பார்த்தும் பாயும்! கொரிய விஞ்ஞானிகள் கிங் ஜார்ஜ் தீவில் ஒரு சோதனை செய்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பழுப்பு ஸ்குவாவின் கூட்டை அடிக்கடி எட்டிப் பார்த்த ஆள் ஒருவர், பார்க்காத ஆள் ஒருவர். இருவரையும் ஒரே மாதிரி உடையில் நடக்கவிட்டு, பாதியில் பிரிந்து போகச் சொன்னார்கள். ஸ்குவா தப்பாமல் முதல் ஆளையே துரத்தியது. மனிதர்கள் மிகச் சமீபத்தில்தான் அந்தப் பக்கமே போயிருக்கிறோம். அதற்குள் நம் முகத்தைப் படித்துவிட்டது. நமக்கோ அண்ணன் யார், தம்பி யார் என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் தடுமாற்றம்!

*

தடுமாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பகை பாதி, உறவு பாதி. இரண்டு இனமும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் தீபகற்பத்தில் கலப்புத் திருமணம் நடக்கிறது. பெரும்பாலும் மாப்பிள்ளை தென்துருவம், பெண் பழுப்பு. குஞ்சுகளும் பிறக்கின்றன, வளர்கின்றன. 'தனித் தனி இனம் என்றால் கலக்கக் கூடாதே!' என்று பள்ளிக்கூடப் பாடம் படித்தவர்கள் முழிப்பார்கள். விருத்தாசலத்துச் சூளைக்காரர் முழிக்க மாட்டார். வேகாத பச்சைப் பொம்மையையும், வேகாத பீங்கான் கட்டையையும் தண்ணீரில் போட்டால் திரும்ப ஒரே மண்ணாகக் கரைந்துவிடும். சூளையில் வெந்த பிறகு தலைகீழாக நின்றாலும் கலக்காது. இந்த இரண்டு ஸ்குவாவும் அச்சிலிருந்து வெளியே வந்துவிட்டன. சூளையில் இன்னும் முழுசாக வேகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வேகும் வரைக்கும் இருக்குமா என்பதுதான் இப்போதைய கவலை.

ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் முதலில் அடித்தது இவர்களுடைய வடக்கத்திப் பெரியப்பா மகனை. அதாவது ஸ்காட்லாந்துப் பக்கம் வாழும் பெரிய ஸ்குவாவை. 2021-ல் ஆரம்பித்த சாவு. 2023-ல் பிரிட்டனில் எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கு 76 பங்கு காணவில்லை. உலகத்தில் அந்த இனத்தின் பெரும்பகுதி இருப்பதே அங்கேதான். 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய பேர்ட் தீவில் நோய் தெரிந்தது. மாட்டியது பழுப்பு ஸ்குவா. 2024 பிப்ரவரியில் அன்டார்டிகப் பெருநிலத்திலேயே முதன்முதலாக உறுதியானது. அர்ஜென்டினாவின் பிரிமாவேரா தளத்துக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்த ஸ்குவாக்களில்.

மூன்று இடத்திலும் ஏன் ஸ்குவா? செத்ததைத் தின்பது அதன் தொழில். நோயில் விழுந்த பறவையையும் சீலையும் முதலில் தொடுவது அதுதான். ஊர்ச் சாக்கடையில் இறங்குகிறவனுக்குத்தானே முதலில் விஷவாயு? எந்தப் பிணந்தின்னிப் பழக்கத்துக்காக நூறு வருஷமாகத் திட்டினார்களோ, அந்தப் பழக்கம்தான் பனிக் கண்டத்தின் துப்புரவு வேலை. அந்த வேலையில்தான் இப்போது அது சாகிறது.

ஸ்குவா மெதுவாக வளர்கிற பறவை. முப்பது வருஷம்கூட வாழும். வருஷத்துக்கு இரண்டே முட்டை. அதிலும் தம்பி வீட்டில் தேறுவது பெரும்பாலும் ஒன்று. பெரியவர்கள் கொத்தாகச் செத்தால் ஈடுகட்டப் பல காலம் பிடிக்கும். பென்குவினுக்காக உலகமெங்கும் கண்ணீர் விட ஆள் இருக்கிறது. இவர்களுக்குக் கொடி பிடிக்க ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை கடலூர் சில்வர் பீச்சுக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகும்போது கரையில் ஏதாவது கடற்பறவை செத்துக் கிடந்தால், கையால் தொடாதீர்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். தள்ளி நின்று ஒரு போட்டோ எடுத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். தடித்த அலகா, மெலிந்த அலகா என்று மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

பொசெஷன் தீவிலிருந்து வந்த பறவை தனி இனம் என்று கண்டுபிடிக்க லண்டன் அறிஞர்களுக்கு 52 வருஷம் ஆயிற்று. நீங்கள் அதைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.